அகப்பை யார் கையில் இருக்கிறது?

கேள்வி: "சமூகப்பணியில் முதுகலை படிக்கிறேன். வெளிநாட்டு நிதியுதவியோடு நடக்கும் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றை வகுத்து எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பணமும் நல்ல நோக்கமும் இருந்தும் சில திட்டங்கள் ஏன் குழந்தையைத் தொடாமலே முடிந்துபோகின்றன?"

பதினோரு ஆண்டுகள் இத்தகைய திட்டங்களில் கண்காணிப்புப் பணி செய்திருக்கிறேன். எடை பார்க்கும் தராசையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தருமபுரிப் பக்கம் மலையடிவாரக் கிராமங்களில் ஒரு திட்டம். இரண்டு வயதுக்கு உட்பட்ட, எடை குறைந்த குழந்தைகளுக்கு மாதந்தோறும் சத்துமாவுப் பொட்டலம் கொடுத்தோம். விநியோகப் பதிவேட்டில் ஒரு பிசகு கிடையாது. கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக இருந்தன. ஆறு மாதம் கழித்தும் குழந்தைகளின் எடை ஏறவில்லை. ஒரு நாள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்தேன். பாட்டி மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சினார். நான்கு கிண்ணங்களில் ஊற்றினார். நாங்கள் மாவு கொடுத்தது கைக்குழந்தைக்கு. அதற்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்கு. நான் கேட்டதும் பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "மூத்தது மூன்றும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதற்கு மட்டும் எப்படி அம்மா ஊட்டுவது? உங்களால் முடியுமா?"

என்னால் முடியாது. யாராலும் முடியாது. அந்தப் பாட்டி செய்ததில் எந்தத் தவறும் இல்லை. தலைநகரத்தில் உட்கார்ந்து திட்டம் எழுதியவர்களில் ஒருவருக்குக்கூட, அந்த வீட்டில் வேறு குழந்தைகளும் இருக்கும் என்ற எண்ணம் வரவில்லை. அதுதான் தவறு.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் சட்டியை நிரப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். அகப்பை யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு நம் ஊரில் தொடங்கி வங்கதேசத்தில் போய் முடிகிறது.

1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முன்னோட்டம் நடந்த இடம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எல்லோருக்கும் உணவு கிடையாது. எடை ஏறாமல் நின்றுபோன அல்லது இறங்கிய குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை. எடை ஏறியதும் உணவு நின்றுவிடும். ஏன் நிற்கிறது, இனி வீட்டில் என்ன கொடுக்க வேண்டும் என்பதைத் தாய்க்கு விளக்குவார்கள். விளக்கியவர்கள் வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் அல்லர். அதே ஊர்ப் பெண்கள். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் பெண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. இந்த ஒரு விதிக்காகவே அந்தத் திட்டத்தை வகுத்தவர்களை நான் வணங்குகிறேன். "எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தாய்க்கு, தன்னைப் போலவே ஒன்றும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் பதில்தான் உறைக்கும்.

திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்தது. உலகம் முழுவதும் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 1995இல் ஏறத்தாழ இதே வார்ப்பில் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கும் எடை பார்த்தல், தேர்ந்தெடுத்து உணவு கொடுத்தல், ஊர்ப் பெண்களைக் கொண்டு தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லுதல் எல்லாம் இருந்தன. பலன் மட்டும் எதிர்பார்த்த அளவில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே 2005இல் விளக்கம் தந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் தாயை நம்பி நின்றது. இங்கே அது சரிப்பட்டு வந்தது. நம் ஊர்களில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரச் சந்தைக்குப் போவது பெண்கள்தான். எந்தக் கீரை, எத்தனை முட்டை என்று அங்கேயே முடிவு செய்வார்கள். வங்கதேசக் கிராமங்களில் கடைத்தெருவுக்குப் போவது ஆண்கள். கூட்டுக்குடும்பமாக இருந்தால், சமைத்ததை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதில் மாமியாரின் சொல் நடக்கும். ஊட்டச்சத்து மையத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்ட மருமகள் வீட்டுக்கு வந்து என்ன செய்ய முடியும்? வாங்குவதும் அவள் அல்ல, பரிமாறுவதும் அவள் அல்ல. மையத்தில் கொடுத்த உணவும் பல நேரம் வீட்டுச் சாப்பாட்டோடு சேரவில்லை, அதற்கு மாற்றாகிப் போனது. கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும் என்ற பயம் வேறு குடும்பங்களில் இருந்தது. அது அறியாமை என்று தள்ளிவிடக்கூடிய பயம் அல்ல. அறுவை சிகிச்சை வசதி எட்டாத ஊரில் ஒரு மாமியார் அப்படி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அவரை உட்கார வைத்து அந்தப் பயத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அவரோ திட்டத்தின் கணக்கிலேயே இல்லை.

எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. ஏனென்றால் இந்தப் பாடம் அதே வங்கதேசத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே படிக்கப்பட்டுவிட்டது.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வயிற்றுப்போக்கிலிருந்து உயிரைக் காக்கும் என்பதை 1971இல், மேற்கு வங்க எல்லை ஊரான பனகாவில் இருந்த அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காட்டினார். ரத்த நாளம் வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நேரத்தில், டிரம்களில் கரைசலைக் கலந்து உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். முகாமில் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. ஆனால் மருந்து கிடைத்துவிட்டது என்பதற்காக அது குடிசைக்குள் தானாகப் போய்விடாது. பஸல் ஹசன் அபேத் தொடங்கிய பிராக் (BRAC) என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980இல் அந்த வேலையைக் கையில் எடுத்தது. கரைசல் பொடிப் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று விரலால் அள்ளும் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், தாய்மார்களையே கலக்க வைத்துக் கற்பித்தார்கள்.

நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது அடுத்து நடந்ததைத்தான். பணியாளருக்கு ஊதியம் எத்தனை வீடு போனார் என்பதற்காக அல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் அந்த ஊருக்குப் போய், சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, தாய்க்கு எத்தனை குறிப்பு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே பணம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் கரைசலின் மாதிரியை எடுத்துச் சோதித்தார்கள். தாய்மார்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

இருந்தும் உண்மையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைக் கலந்து கொடுத்தவர்கள் மிகச் சிலர்! தெரிந்திருக்கிறது, செய்வதில்லை. பல நிறுவனங்கள் இந்த இடத்தில் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கை எழுதி முடித்துவிடும். பிராக் தன் பணியாளர்களையே விசாரித்தது. உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, அவர்களிலேயே பலர் மாத்திரையைத்தான் நம்பினார்கள். தான் நம்பாததைச் சொல்லும் குரல் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பணியாளர்களுக்குப் புரிய வைத்தார்கள். ஆண்களை விட்டுவிட்டோம் என்பதும் தெரியவந்தது. கடைத்தெருவிலும் மசூதியிலும் போய் அவர்களிடம் பேசினார்கள். பயன்பாடு ஏறத் தொடங்கியது. 1990க்குள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்பித்து முடித்திருந்தார்கள். இன்று வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கரைசல் கிடைத்துவிடுகிறது.

1980களில் ஆண்களிடம் பேசாமல் காரியம் நடக்காது என்று கண்டுபிடித்த நாட்டில், 1995இல் தாய்மார்களிடம் மட்டும் பேசும் திட்டம் வந்தது. வேறொரு நாட்டின் வெற்றியை எடுத்துவர முடிந்தவர்கள், வங்கதேசத்தின் சொந்த அனுபவத்தைக் கேட்டிருக்கலாம்.

ஆகவே தம்பி, திட்டத்தின் நோக்கம், பணிகள், அளவீடுகளைக் கட்டம் கட்டமாக எழுதும் லாக்ஃபிரேம் அட்டவணையைத் திறக்கும் முன் அந்த ஊருக்குப் போங்கள். எந்த நிதி நிறுவனமும் இதற்கு நாள் ஒதுக்காது. சண்டை போட்டு வாங்குங்கள். பத்து வீடுகளில் காலையிலிருந்து இரவு வரை இருங்கள். கேள்வித்தாள் வேண்டாம், பாருங்கள். காசு யார் முந்தானையில் அல்லது சட்டைப்பையில் இருக்கிறது, அடுப்படியில் யார் நிற்கிறார், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், தாய் கூலிக்குப் போன பிறகு குழந்தை யார் மடியில் இருக்கிறது. அதே வறுமையில் ஒரு வீட்டில் மட்டும் குழந்தை திடமாக இருந்தால் அந்த வீட்டுக்கு மறுபடியும் போங்கள். பிறகு எழுதுங்கள்: நாம் கொடுக்கும் பொருள் அல்லது சொல், நம் கையை விட்டுக் குழந்தையின் வாய்க்குப் போகும்வரை எத்தனை கை மாறுகிறது? ஒவ்வொரு கைக்கும் ஒரு வரி. அந்தக் கைக்குரியவரோடு உங்கள் திட்டம் எங்கே, எப்போது பேசப்போகிறது என்பது அந்த வரியில் இருக்க வேண்டும்.

அளவீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. எத்தனை பொட்டலம் போனது என்பதை எண்ணுங்கள், கணக்குக்கு வேண்டும். ஆனால் அதை வெற்றி என்று எழுதாதீர்கள். ஆறாவது மாதத்தில் திட்டத்தையே மாற்றி எழுதும் உரிமையையும் அதற்கான தொகையையும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுங்கள். தருமபுரியில் எங்களிடம் அது இல்லை. பாட்டி சொன்னதை நான் அறிக்கையில் எழுதினேன். நிதியாண்டு முடியும்வரை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டுதான் வீட்டிலுள்ள எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் சேர்த்து மாவு கொடுத்தோம், கூட்டத்துக்குப் பாட்டிமார்களையும் அழைத்தோம். நான் திண்ணையில் உட்கார்ந்த அன்று அந்தக் கைக்குழந்தைக்குப் பதினான்கு மாதம். புதிய ஏற்பாடு வந்தபோது அதற்கு இரண்டு வயது கடந்திருந்தது. எங்கள் பட்டியலிலிருந்து அதன் பெயரை நான்தான் எடுத்தேன்.