திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஆறு மாதமாக யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை வாசலில் படுக்கிறான். அவன் இருந்தது மனைவியின் சீதன வீடு. பிரிந்தபோது ஒரு பையோடு வெளியில் வந்தவன். அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது. பின்னேரமானால் குடிக்கிறான். எங்கள் வீட்டு முன் அறை சும்மாதான் கிடக்கிறது. "குடியை விட்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார் என் மனைவி. நான் என்ன செய்யட்டும்?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதில் பிழை இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கடை வாசலில் படுத்துக்கொண்டு ஒருவன் குடியை விடுவது எப்படி? எந்த நேரம் எழுப்பித் துரத்துவார்களோ என்று கிடப்பவனுக்குப் போத்தல்தான் நித்திரை தருகிறது. பின்லாந்தில் 2008இலிருந்து இதை அரசாங்கமே மாற்றிச் செய்கிறது. முதலில் வீடு, குடியும் மற்றதும் பிறகு. அங்கே வீடில்லாதவர்களின் தொகை நன்றாகக் குறைந்திருக்கிறது.

அதற்காக உங்கள் முன் அறைக்குக் கூட்டி வாருங்கள் என்று சொல்லமாட்டேன். நான் அதைச் செய்து பார்த்தவன். இப்படி வீடில்லாமல் நின்ற என் நண்பன் ஒருவன் எங்கள் விறாந்தை அறையில் எட்டு நாள் இருந்தான். விடியமுன்னம் எழும்பிப் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவான், அங்கே ஒருவரும் படுக்கவில்லை என்பதுபோல. தண்ணீர் குடிக்கவும் கேட்டுவிட்டுத்தான் குடிப்பான். ஒன்பதாம் நாள் பாய் மட்டும்தான் இருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு அம்மாவின் வளவுக்குள் தனி அறை ஒன்று எடுத்தோம். கிணறும் கக்கூசும் பொது. நான் ஒரு ஆமைப்பூட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு திறப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினான். "நீயே வைச்சிரு" என்றேன். திறப்பைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் ஆணுக்கு வீடு என்பது பெரும்பாலும் பெண் வழியாக வருவது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி சீதனம் மனைவியின் சொத்து. சகோதரிகளுக்குக் கொடுத்து முடித்த குடும்பத்தில் மகனுக்குக் காணி மிஞ்சுவது அருமை. ஐம்பது வயதில் கல்யாணம் முறிந்தால் அவன் எங்கே போவான்? உங்கள் நண்பனைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்கிறவர்கள் இதை ஒருக்கால் யோசிக்கட்டும்.

வாடகைக்கு வழியில்லை என்றால், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை, அதாவது இருந்ததை வைத்தே வீடு தனக்கென்று, கேட்பான் என்று பயப்படுவார்கள். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் அந்தப் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பது வேறு, அவருக்கு எதிராக ஆள்வது வேறு. அந்த அனுமதியைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுத்தில் வைத்துவிடுங்கள்.

அடையாள அட்டை விஷயத்தில் சுணங்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாடு, பிறப்புச் சான்றிதழ், விதானையாரின் (கிராம அலுவலரின்) கையெழுத்து எல்லாம் வேண்டும். விலாசம் இல்லாதவனுக்கு விதானையார் எதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார்? அட்டை இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது கஷ்டம். கணக்கு இல்லாமல் அரசாங்கம் வறியவர்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும காசு எங்கே போய் விழும்? அறை கிடைத்த கிழமையே நீங்களும் கூடப் போங்கள். தனியப் போனால், வரிசையில் நின்றுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிடுவான். என் நண்பன் இரண்டு தரம் அப்படித் திரும்பியவன்.

அப்புறம் ஒன்று. அறை கிடைத்தவுடன் எல்லாம் சரி என்று நினைத்து நான் போகாமல் விட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. இரண்டாம் மாதம் அவன் திரும்பவும் பஸ் நிலையத்தில் படுத்திருந்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை, நித்திரை வரவில்லை என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அறையை விடவில்லை, அந்த மாத வாடகையையும் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவனோடு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன். அறைக்கு வா என்று கேட்கவில்லை.

நாலாம் கிழமை அந்த அம்மா போன் எடுத்தா. "தம்பி, அவர் ராத்திரி வந்திட்டார். திறப்பு அவரிட்டையே இருந்திருக்குது."