வில், புலி, கயல்: மூவேந்தர் சின்னங்களுக்கு உண்மையில் என்ன பொருள்?

மூவேந்தர்களான சேரரின் வில், சோழரின் புலி, பாண்டியரின் மீன் ஆகிய சின்னங்கள் வெறும் அடையாளக் குறிகளா, அல்லது அவற்றுக்குள் ஆழ்ந்த பொருள் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். புலி வீரத்தைக் குறிக்கும், மீன் கடல் வணிகத்தைக் குறிக்கும் என்ற விளக்கமே இதற்குப் பெரும்பாலும் விடையாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கத்தில் எனக்கு நிறைவு இல்லை. அந்தப் புலியை யார், எதன்மேல், எந்தச் சூழலில் பொறித்தார்கள் என்று கேட்டால்தான் பொருள் பிடிபடும் என்பது என் கருத்து. ஏனென்றால் அதே புலியும் அதே மீனும் ஓரிடத்தில் நட்பையும் இன்னோரிடத்தில் அடிமைப்படுத்தலையும் சொல்லியிருக்கின்றன.

முதலில் சின்னத்தின் எளிய பயனைப் பார்ப்போம். போர்க்களத்தில் இன்னார் படை என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சேரர் பனம்பூவையும் பாண்டியர் வேப்பம்பூவையும் சோழர் ஆத்திப்பூவையும் சூடினார்கள் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் காரணத்தோடு சொல்கிறது. இந்த எளிய வழக்கத்தை எடுத்துக்கொண்டு சங்கப் புலவர் கோவூர் கிழார் செய்த காரியம் என்னைப் பலமுறை வியக்க வைத்திருக்கிறது. சோழர் குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்க, அதே குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தாரும் அணிந்தவன் அல்லன் என்று தொடங்கி, "நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே" என்கிறார்; உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி என்பது பொருள். பகைவனை இனங்காட்டுவதற்கென்று இருந்த பூ, இருவர் தலையிலும் ஒன்றாக இருப்பதைச் சுட்டிக் காட்டியே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புரிய வைக்கிறார். அரசனைப் புகழாமல், அச்சுறுத்தாமல், அவன் தலையில் இருக்கும் மாலையையே சான்றாக வைத்துப் பேசுவதற்குப் பெரும் துணிவு வேண்டும்.

சின்னம் அன்றாட நிர்வாகத்திலும் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவியும் பண்டங்களுக்குச் சுங்கம் தண்டி, "புலி பொறித்துப் புறம் போக்கி" வைத்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மூட்டையின்மேல் பதித்த அந்தப் புலிக்குச் சுங்கத்தாரின் முத்திரை என்பதே பொருள். பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசுகளின் மறுபக்கத்தில் மீன் சில கோடுகளாகவே இருக்கிறது. பார்த்தவுடன் காசு யாருடையது என்று தெரிந்தால் போதும் என்பதே அங்கே நோக்கம்.

இரண்டு சின்னங்கள் ஒன்றாக வரும்போதுதான் பொருள் செறிவடைகிறது. சோழன் பெருந்திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கே அமர்ந்திருந்தபோது காரிக்கண்ணனார் பாடிய புறநானூறு 58, நீங்கள் இருவரும் இப்படியே இணைந்திருந்தால் உலகம் உங்கள் கைக்கு வரும் என்று சொல்லி, பிறர் நாட்டுக் குன்றுகளின் உச்சியில் புலியும் கெண்டை மீனும் சேர்ந்து பொறிக்கப்படட்டும் என்று வாழ்த்தி முடிகிறது. இங்கே இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமத்துவம் யாரோ ஒருவருடைய குன்றின்மேல் எழுதப்பட வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் மூன்றும் சேர்கின்றன. கண்ணகிக்குக் கல் எடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக்குப் புறப்படத் துணிந்தபோது, வடதிசை மன்னர்க்கெல்லாம் "தென்தமிழ் நன்னாட்டுச் செழுவில் கயல் புலி" பொறித்த முடங்கல் (ஓலை) அனுப்புக என்கிறான் அவன் அவையைச் சேர்ந்த வில்லவன் கோதை. சேரனுடைய ஓலைக்குச் சேரனுடைய வில் போதாதா? வெளியாரிடம் பேசும்போது மூன்று அரசும் தமிழ்நாடு என்ற ஒரே பெயரில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஒரு தொடருக்குள் இருக்கிறது. நாடு என்ற உணர்வுக்குச் சின்னம் வடிவம் கொடுத்ததற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பேசுவது சேரன் அவை என்பதால் வில் முதலில் நிற்பதையும் கவனியுங்கள். அதே அவையில் இருந்த அழும்பில் வேள் குறுக்கிட்டு, பகைவரின் ஒற்றர்கள் நம் தலைநகரான வஞ்சியின் வாயிலிலேயே இருப்பார்கள், பறையறைந்தாலே போதும் என்று சொன்னதால் அந்த முடங்கல் அனுப்பப்படவேயில்லை.

பின்னர் வந்த பேரரசில் இதே மூன்றின் பொருள் மாறிவிட்டது. 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தின் இலச்சினையில் அமர்ந்த புலி, நிமிர்ந்து நிற்கும் இரு மீன்கள், வில், மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் கவரியும் விளக்கும் உள்ளன. சுற்றிலும் கிரந்த எழுத்தில், ஒளிரும் அரசர்களுடைய மகுட மணிகளின்மேல் விளங்குவது பரகேசரிவர்மனான இராசேந்திர சோழனின் இந்த ஆணை என்ற பொருளில் வடமொழி வாசகம் ஓடுகிறது. காரிக்கண்ணனார் வாழ்த்தியபோது புலியும் மீனும் இரு வேந்தர்களுடையவை. இங்கே குடை ஒன்றுதான், மீனும் வில்லும் வென்று கொண்டுவரப்பட்டவை. முதலாம் பராந்தகன் காலத்திலிருந்தே "மதுரை கொண்ட" என்று பட்டம் பூண்டவர்களின் இலச்சினை வேறு எதைச் சொல்லும்? மூன்று சின்னங்களும் சேர்ந்திருப்பதைக் கண்டவுடன் தமிழர் ஒற்றுமை என்று இன்று எழுதுபவர்கள், எந்தக் காலத்து இலச்சினையைப் பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறர் குன்றில் கெண்டை பொறிக்கும் அந்தப் பழைய வாழ்த்து 13ஆம் நூற்றாண்டில் சோழர் துணையில்லாமலே நிறைவேறியது. கோணமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், இணைக்கயல் (இரட்டை மீன்) எழுதியதாகப் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு பேசுகிறது. திருகோணமலைக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622இல் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். அந்தக் கோட்டையின் நுழைவாயில் கல்லில் இரட்டை மீனும் ஒரு தமிழ்ச் சாசனமும் இன்றும் இருக்கின்றன. ஈழத்தை வென்றதற்கான குறியாகப் பாண்டியர் கொண்ட இணைக்கயல், இப்போது அந்த வாயிலில் இடிபட்ட கோயிலுக்கும் சேர்த்துச் சான்று சொல்கிறது.