லேப்டாப் திடீரென்று நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் இரண்டு வருட வேலையை மீட்க முடியுமா? இனி இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

அதை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். ஒரு புத்தகத்தில் பதினோரு அத்தியாயம் முடித்திருந்த சமயம், ஓர் இரவு லேப்டாப் அப்படியே உறைந்துபோனது. உள்ளிருந்து சீராக 'டிக்... டிக்...' என்று சத்தம். பதற்றத்தில் பத்துப் பன்னிரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒரு தடவை விண்டோஸ் பாதிவரை வந்து, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யவா என்று கேட்டது. சரி என்றேன். அதற்குப் பிறகு அது வரவே இல்லை. தரவு மீட்பவரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் வந்த பிறகு எத்தனை தடவை ஆன் செய்தீர்கள்?"

ஏன் அப்படிக் கேட்டார் என்பது பின்னால்தான் புரிந்தது. பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தரவைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அந்த முனை பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டில் உரசலாம். உரசிய இடத்தில் இருந்த தரவை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவிக்கும் உங்கள் கோப்புகள் மேல் அக்கறை கிடையாது. அதன் வேலை, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் கணக்கை ஒழுங்குபடுத்துவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டுவது நோயாளியை ஓடச் சொல்வது போல. டிக் சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நேரே நிபுணரிடம் போங்கள்.

சத்தம் எதுவும் இல்லை, விண்டோஸ் மட்டும் ஏற மறுக்கிறது என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம். பல நேரம் கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும். திரை மட்டும் கறுப்பாக இருந்தால் வேறொரு மானிட்டரை இணைத்துப் பாருங்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை இன்னொரு கணினியில் ஒரு பென்டிரைவில் ஏற்றி, உங்கள் லேப்டாப்பை அதிலிருந்து துவக்கலாம். எதையும் நிறுவாமல், 'முயன்று பார்' (Try Ubuntu) என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் கண்ணில் பட்டதும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். வேறு எதையும் சரிசெய்யப் போக வேண்டாம்.

இதில் ஒரு தடை வரலாம். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ரிப்பேருக்குக் கொடுத்தால், "எனக்குக் கணினியைவிட உள்ளே இருக்கும் கோப்புகள்தான் முக்கியம்" என்று வாயால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். சொல்லாவிட்டால் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கணினி ஜோராக ஓடும், உங்கள் வேலை மட்டும் இருக்காது.

சரி, இனி எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? என் கதையில் மிகவும் வலித்த பகுதி இதுதான். என்னிடம் பேக்கப் இருந்தது. வெளி டிஸ்க் ஒன்றை வாங்கி, தானாக நகலெடுக்கும்படி அமைத்து, நிம்மதியாக இருந்தேன். அந்த டிஸ்க் நிறைந்துபோய், நான்கு மாதமாக எதுவுமே நகலாகவில்லை. நான் ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் (GitLab) நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் வைத்திருந்தும் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மை மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதனால், நான் திறந்து பார்த்த நகலை மட்டும்தான் இப்போது பேக்கப் என்று எண்ணுகிறேன். மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்து, வேறொரு கணினியில் திறக்கிறேன். அப்படிச் செய்தபோதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. பாமினி எழுத்துருவில் முன்பு தட்டிய கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. கோப்பு பத்திரமாக இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றினேன். பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். என்னிடம் லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில், அதாவது கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று. வெளி டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றிவிடுவேன். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்கள், அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கிளவுடை மட்டும் நம்பவும் கூடாது. லேப்டாப்பில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அப்புறம், வேர்டு தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். நான் அதை 2 ஆக்கியிருக்கிறேன்.

என் பதினோரு அத்தியாயங்களில் ஆறு திரும்பக் கிடைத்தன. அவை டிஸ்க்கிலிருந்து வரவில்லை. பதிப்பாசிரியருக்கு அவ்வப்போது அனுப்பிய மின்னஞ்சல்களிலிருந்து வந்தன. மீதி ஐந்தை மறுபடி உட்கார்ந்து செய்தேன். நீங்களும் நிபுணரின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் மின்னஞ்சலின் 'அனுப்பியவை' பகுதி, வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிய கோப்புகள், பழைய பென்டிரைவ்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். உங்களோடு வேலை செய்தவர்களிடமும் கேளுங்கள். இரண்டு வருடத்தில் யாருக்காவது ஏதாவது அனுப்பியிருப்பீர்கள்.