வெண்டோவர் விமானத்தளம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டிய உப்புப் பாலைவனத்தில் இருக்கிறது வெண்டோவர். ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு வீசிய விமானப்படைப் பிரிவு உருவாகிப் பயிற்சி பெற்ற இடம் இது. இரண்டாம் உலகப்போரின் விமானத்தளங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: தளம் அமைக்க இந்த வறண்ட நிலம்தான் கிடைத்ததா?

வறட்சிதான் தேவையாக இருந்தது. குண்டு வீசிப் பழகுவதற்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லாத நிலம் வேண்டும். சால்ட் லேக் சிட்டியிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் மேற்கே அது கிடைத்தது. பக்கத்திலேயே ரயில் பாதையும் ஓடியது. 1940இல் வேலை தொடங்கியபோது ஊரில் நூறு பேர் அளவில்தான் வசித்தார்கள். போரின் உச்சத்தில் படைவீரர்களும் பணியாளர்களுமாகப் பதினேழாயிரத்துக்கும் மேல். பி-17, பி-24 குண்டுவீச்சு விமானக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே பயிற்சி முடித்துவிட்டுப் போர்முனைக்குப் போயின. அணுகுண்டுக் கதையின் நிழலில் அந்த இளைஞர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: அணுகுண்டுப் பிரிவுக்கு இந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

அந்தப் பிரிவின் தளபதி பால் டிப்பெட்ஸ். 1944 செப்டம்பரில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 29. கான்சாஸில் ஒன்று, ஐடஹோவில் ஒன்று, வெண்டோவர் என மூன்று தளங்கள் அவர் முன் வைக்கப்பட்டன. ஊர் உலகத்திலிருந்து விலகியிருந்ததால் வெண்டோவரைப் பிடித்துக்கொண்டார். 509ஆவது கூட்டுப்பிரிவு என்ற பெயரில் அந்த அணுகுண்டுப் பிரிவு 1944 டிசம்பர் 17 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது.

கேள்வி: அப்படியானால் அங்கே அணுகுண்டு வைத்திருந்தார்களா?

இல்லை. அணுப்பொருள் வெண்டோவருக்கு வரவே இல்லை. அதே வடிவமும் எடையும் கொண்ட போலிக் குண்டுகளை வைத்துத்தான் சோதனை நடந்தது. சிலவற்றில் சிமெண்ட் நிரப்பினார்கள், சிலவற்றில் சாதாரண வெடிமருந்து. 'பூசணிக்காய்' என்று பெயரிடப்பட்ட இவற்றின் எடை ஏறத்தாழ 4,500 கிலோ. 1945 ஜூலை, ஆகஸ்டில் இவற்றில் 49 குண்டுகளை ஜப்பான் மீதும் போட்டார்கள். ஒத்திகைக்குச் செய்தவையும் உயிரைக் குடித்தன. இதைப் பலர் குறிப்பிடுவதில்லை.

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் மாணவி. விமானத்தில் என்ன மாற்றங்கள் செய்தார்கள் என்று விளக்க முடியுமா?

நல்ல கேள்வி. 'சில்வர்பிளேட்' என்ற ரகசியப் பெயரில், அணுகுண்டைச் சுமக்கவிருந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தை இளைக்க வைத்தார்கள். வால் பகுதித் துப்பாக்கிகளைத் தவிர மற்றத் துப்பாக்கிக் கூடுகளையும் பாதுகாப்புக் கவசத் தகடுகளையும் கழற்றினார்கள். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின்கள், தரையிறங்கிய பின் எதிர்த்திசையில் விசை கொடுக்கும் புரொப்பெல்லர்கள், காற்றழுத்தத்தால் சட்டென்று திறந்து மூடும் குண்டறைக் கதவுகள் பொருத்தப்பட்டன. குண்டு ஒற்றைக் கொக்கியில் தொங்கியது.

ஏற்றுவதுதான் பெரும் பாடு. குண்டு அவ்வளவு பருமன். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நுழையாது. ஆகவே தரையில் குழி வெட்டி, குண்டை அதற்குள் இறக்கி, மேலே விமானத்தை இழுத்து நிறுத்தி, ஹைட்ராலிக் லிஃப்ட் மூலம் உள்ளே தூக்கினார்கள்.

விமானிகளுக்கோ வேறு பயிற்சி. சுமார் 9,000 மீட்டர் உயரத்தில் குண்டை விட்டதும் 155 பாகை திரும்பித் தப்ப வேண்டும். குண்டு விழ முக்கால் நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரமே ஆகும். அதற்குள் எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும், அதிர்வலை துரத்தி வரும் என்பதால்.

கேள்வி: இவ்வளவு பேர் இருந்தும் ரகசியம் எப்படிக் காப்பாற்றப்பட்டது?

பெரும்பாலோருக்குச் சொல்ல எதுவும் தெரியாது, அதுதான் காரணம். கடிதங்கள் பிரிக்கப்பட்டன, தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. வாய் நீண்டவர்களை அலாஸ்காவுக்கு மாற்றினார்கள்.

கேள்வி: லட்சக்கணக்கானோர் சாவுக்குக் காரணமான இடத்தை நினைவுச் சின்னமாகப் பாதுகாப்பது சரியா?

பாதுகாக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் விமானத்தின் பளபளப்பை மட்டும் காட்டக் கூடாது. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்த எண், ஹிரோஷிமா மீது குண்டு வீசிய எனோலா கே விமானம் வெண்டோவரில் நின்ற கொட்டகையின் சுவரிலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கட்டடங்களை இடித்துவிட்டால், இது எப்படித் திட்டமிடப்பட்டது என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

போருக்குப் பின் ஏவுகணைச் சோதனைகள் கொஞ்ச காலம் நடந்தன. பிறகு தளம் மங்கியது. 1977இல் உள்ளூர் நகராட்சியிடம் போனது. இன்றும் பொது விமான நிலையமாக இயங்குகிறது. அருங்காட்சியகம் உண்டு, எனோலா கே நின்ற கொட்டகையும் அதிகாரிகள் மன்றமும் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. குண்டேற்றும் குழியைத் தவறவிடாதீர்கள். விமானத்தைத் தேடி மட்டும் அங்கே போக வேண்டாம்: எனோலா கே வாஷிங்டன் அருகே வர்ஜீனியாவிலும், நாகசாகிக்குப் போன பாக்ஸ்கார் ஓஹையோவின் டேட்டனிலும் இருக்கின்றன.