வடிவொத்த முக்கோணங்கள்: எந்தப் பக்கத்துக்கு எது ஜோடி?

கேள்வி: சார், ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 6, 8, 12. அதற்கு வடிவொத்த (அதே வடிவம், அளவு மட்டும் மாறலாம்) இன்னொரு முக்கோணத்தில் ஒரு பக்கம் 24 என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பக்கங்கள் என்ன?

பதில்: 24 எதற்கு ஒத்த பக்கம் என்று கணக்கில் இருக்கிறதா, பாருங்கள். 12-க்கு என்றால் 2 மடங்கு. மற்றவை 12, 16. 8-க்கு என்றால் 3 மடங்கு, 18, 36. 6-க்கு என்றால் 4 மடங்கு, 32, 48. ஒன்றும் சொல்லவில்லை என்றால் மூன்றுமே சரியான விடைதான்.

கேள்வி: படத்தில் ஒரு முக்கோணம் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. ஒத்த பக்கங்களை எப்படிப் பிடிப்பது?

பதில்: படத்தை விடுங்கள், கோணத்தைப் பாருங்கள். சமமான கோணங்களுக்கு எதிரே இருப்பவைதான் ஒத்த பக்கங்கள்.

கேள்வி: முக்கோணம் கசத-வில் கச மேல் ப, கத மேல் ம என்ற புள்ளிகள். பம, சத இரண்டும் இணை. கப = 4, பச = 2, சத = 9. பம கேட்டிருக்கிறார்கள். எனக்கு 18 வருகிறது, விடையோ 6.

பதில்: கப/பச = பம/சத என்று போட்டிருப்பீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது. கப/பச = கம/மத என்பது சரி; அங்கே இரண்டு பக்கமும் துண்டோடு துண்டை ஒப்பிடுகிறோம். ஆனால் பம என்பது கபம என்ற சிறிய முக்கோணத்தின் பக்கம், சத பெரியதன் பக்கம். அப்படியென்றால் கப-வுக்கு ஜோடி முழு கச, அதாவது 4 + 2 = 6. பம = 9 × 4/6 = 6. அப்புறம், 18 வந்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? உள்ளே இருக்கும் கோடு அடிப்பக்கத்தைவிட நீளமாக எப்படி இருக்கும்?

கேள்வி: இரண்டு முக்கோணங்களில் மூன்று கோணங்களும் சமம், இரண்டு பக்க நீளங்களும் சமம். இவை சர்வசமம்தானே?

பதில்: நல்ல கேள்வி. அவசியமில்லை! 8, 12, 18 ஒரு முக்கோணம். 12, 18, 27 இன்னொன்று. ஒவ்வொரு பக்கமும் 1.5 மடங்கு, அதனால் வடிவொத்தவை, கோணங்கள் சமம். 12, 18 இரண்டிலும் உண்டு. ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது, ஏனென்றால் அந்தச் சம நீளங்கள் ஒத்த பக்கங்கள் அல்ல. முதலாவதில் 12 நடுப்பக்கம், இரண்டாவதில் அதுவே மிகச் சிறியது. நீங்களும் இப்படி ஜோடிகள் உருவாக்கலாம். பக்கங்கள் பெருக்குத் தொடரில், அதாவது ஒவ்வொன்றும் முந்தையதன் அதே மடங்காக, இருந்தால் போதும்; எல்லாவற்றையும் அதே மடங்கால் பெருக்கினால் இரண்டாவது முக்கோணம் கிடைக்கும். மடங்கு மட்டும் 1.6-ஐத் தாண்ட வேண்டாம். 2 மடங்கு வைத்தால் 1, 2, 4 வரும். 1 + 2 நான்கை எட்டாது, முக்கோணமே அமையாது.

கேள்வி: பக்கங்கள் 3 மடங்கானால் பரப்பளவும் 3 மடங்கா?

பதில்: இல்லை, 9 மடங்கு. சுற்றளவுதான் 3 மடங்கு.

கேள்வி: கோணங்கள் சமமாக இருந்தால் நாற்கரங்களும் வடிவொத்தவையா?

பதில்: சதுரத்தையும் நீளமான செவ்வகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாக் கோணமும் 90 பாகை, வடிவம் வேறு. கோணம் மட்டும் போதும் என்ற சலுகை முக்கோணத்துக்குத்தான். மற்றவற்றில் பக்க விகிதங்களையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.