தூரம் மாறாது, பறக்கும் நேரம் ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

விமானங்களுக்கு வழித்தடம் வகுத்துத் தரும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். தூரம், நேரம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

லண்டன்–நியூயார்க் தூரம் ஓரிடத்தில் 5,540 கி.மீ., இன்னோரிடத்தில் 5,570. எது சரி?

இரண்டுமே சரிதான். ஒன்று விமான நிலையங்களுக்கு இடையே அளந்தது, மற்றது நகர மையங்களுக்கு இடையே அளந்தது. அலகை மட்டும் கவனியுங்கள். இதே தூரம் மைலில் சுமார் 3,450, கடல் மைலில் சுமார் 3,000. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகக் கிழக்கே போகாமல், வடக்கே வளைந்து போவானேன்?

வளைவு தட்டையான வரைபடத்தில் தெரிவதுதான். ஒரு உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே அலூசியன் தீவுகள் பக்கம் ஏறி இறங்கும். இதைப் பெருவட்டப் பாதை என்போம். இணையத்தில் காட்டும் தூரம் பெரும்பாலும் இந்த நூலின் நீளம்தான்.

லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்கூட ஆகவில்லை. பூமி சுழல்வதாலா?

இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று அந்தக் காற்றில் ஏறிக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. 4,500 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 என்று வையுங்கள். காற்றே இல்லையென்றால் போய்வர 10 மணி நேரம். காற்றோடு போக நாலரை மணி, எதிர்த்து வர 5 மணி 37 நிமிஷம். மொத்தம் 10 மணியைத் தாண்டிவிட்டது! எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால்தான்.

மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறி, அதே நாள் காலை 9.30க்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினேன். எத்தனை மணி நேரம் பறந்தேன்?

இரண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்துக்கு, மாற்றுங்கள். புறப்பாடு காலை 8.00, இறங்கியது, குளிர்கால நேரப்படி, மாலை 5.30. ஆக ஒன்பதரை மணி நேரம்.

ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம், இப்போது 13. ஊர் நகர்ந்துவிட்டதா?

2022இல் ரஷ்ய வான்வெளி அந்த விமானங்களுக்கு மூடப்பட்டது. சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

தூரத்தை வைத்து நேரத்தை நானே கணக்கிட முடியுமா? அதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா?

நீண்ட பயணம் என்றால் கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள், ஓரளவு சரியாக வரும். ஆனால் தயவுசெய்து அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்': கேட்டை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே கேட்டில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. விமானம் மாறும்போது அந்த நேரத்தையே கணக்கில் எடுங்கள். முடிந்தால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான்.