மோதிய எலெக்ட்ரான் ஆற்றல் கூடி வெளியேறுமா?

கேள்வி: எலெக்ட்ரான் அணுவில் மோதினால் ஆற்றலை இழக்கும் என்றுதான் ஃபிராங்க்-ஹெர்ட்ஸ் சோதனையில் படித்தோம். லேசர் பாய்ச்சிய அணுவில் மோதினால் கூடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். எப்படி? அதை வைத்து என்ன கண்டுபிடிக்கிறார்கள்? (பி.எஸ்சி. இயற்பியல் மாணவி)

பதில்: பேராசிரியர் சொன்னது சரிதான். 1914-இல் ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் பார்த்தது, அடிமட்டத்தில் இருந்த பாதரச அணு எலெக்ட்ரானிடமிருந்து 4.9 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டதை. அணு ஏற்கெனவே கிளர்வுற்று மேல்மட்டத்தில் இருந்தால் கொடுக்கல் வாங்கல் திரும்பிவிடும். சோடியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 589 நானோமீட்டர் மஞ்சள் லேசர் பட்டால் அதன் வெளி எலெக்ட்ரான் 2.1 எலெக்ட்ரான் வோல்ட் மேலே ஏறும், அங்கே சராசரியாக 16 நானோவினாடிதான் தங்கும், ஆனால் இறங்க இறங்க லேசர் திரும்ப ஏற்றிவிடுவதால் அணுக்கற்றையில் எந்த நேரமும் கணிசமான பங்கு மேலேயே இருக்கும். அந்தக் கற்றைக்குள் 7.9 எலெக்ட்ரான் வோல்ட்டில் எலெக்ட்ரான்களை அனுப்பினால், சில 10 எலெக்ட்ரான் வோல்ட்டோடு வெளியே வரும். அணு கீழே இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த மோதலைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: 10-இல் வந்த எலெக்ட்ரான் அணுவைக் கிளர்த்திவிட்டு 7.9-இல் போகிறது, அதாவது நீங்கள் பாடத்தில் படித்த அதே மோதல். அதை நேராக முழுமையாக அளக்க வேண்டுமென்றால் சிதறிய எலெக்ட்ரானையும், அதே அணு உமிழ்ந்த ஒளித்துகளையும் ஜோடியாகப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிகள் அரிதாகவே கிடைக்கும், மிகவும் பொறுமை வேண்டும். திருப்பிப் போட்டால் ஒளித்துகளுக்குப் பஞ்சமே இல்லை, லேசர் கொட்டுகிறது. அப்புறம், லேசர் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் விதத்தை, மாற்றினால் அணுவின் எலெக்ட்ரான் மேகம் எந்தப் பக்கம் நீண்டிருக்க வேண்டும், எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். ஒவ்வொரு அமைப்புக்கும் எத்தனை எலெக்ட்ரான் எந்தக் கோணத்தில் வருகிறது என்று எண்ணினால், மோதல் அந்த மேகத்தை எப்படி உருமாற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

1970-களில் ஜெர்மனியில் ஹெர்ட்டலும் ஸ்டோலும் சோடியத்தில் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் மெக்லெலண்ட், கெல்லி, செலோட்டா ஆகியோர் தற்சுழற்சி (ஸ்பின்) ஒரே திசையை நோக்கி ஒருமுகப்பட்ட எலெக்ட்ரான்களையே அனுப்பி இன்னும் நுட்பமாக அளந்தார்கள். அந்த அளவீடுகளோடுதான் கோட்பாட்டு இயற்பியலாளர் ஈகோர் பிரே 1994-இல் இந்த மோதலைப் பற்றிய தன் கணக்கீட்டை ஒப்பிட்டார், மிக நன்றாகப் பொருந்தியது.